மூன்று துளை

அரைக் கிலோ உரம், வாய் கட்டிய பை,
ஆணியால் மூன்று துளை.
நான்கு போட்டால் கன்று கருகும்,
இரண்டு போட்டால் பட்டினி.
இதுதான் என் வேலை, நாளுக்கு இருநூறு பை.
வியாழக்கிழமை
நக்ஃபா நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணித் தருவார்கள்.

முதலில் கிணறுதான் வெட்டிப் பார்த்தோம்.
பத்து முழத்தில் ஊறிய தண்ணீர்
கடலைவிடக் கரித்தது.
கழுதை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.
இங்கே மழை என்பது
ஒரு கல்யாணம் எந்த வருஷம் நடந்தது என்று
நினைவு வைத்துக்கொள்ள உதவும்.
வேறெதற்கும் போதாது.

அஸ்மாராவிலிருந்து தெக்லே வந்தான்.
கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு
செங்கடலைக் காட்டி
"இதையே பாய்ச்சலாம்" என்றான்.
ஹுமத் சிரித்த சிரிப்பில்
படுத்திருந்த அவன் ஒட்டகம் தலை தூக்கியது.

"காட்டாறு வந்து விழுகிற இடத்தில் மட்டும்
அலையாத்தி நிற்கிறதே, ஏன்?"
நல்ல தண்ணீர் வருவதால், என்றோம்.
"வருஷத்தில் நாலு நாள் வருகிற தண்ணீருக்கா
மிச்ச நாளெல்லாம் பச்சை?
தண்ணீர் இல்லை, அது இழுத்து வரும் சேறு.
தழைச்சத்து, மணிச்சத்து, இரும்பு.
இந்த மூன்றும்தான் கடலில் போதாது.
மற்றதெல்லாம் கடலிடம் இருக்கிறது."

மற்றதெல்லாம்.
அந்த ஒரு சொல்லை வீட்டுக்கு எடுத்துப்போய்
ரொட்டி தட்டும்போதும் வைத்திருந்தேன்.

தழையும் மணியும் மூட்டையில் வந்தன.
இரும்புக்கு எங்கே போவது?
உப்பளத்துக்குப் பின்னால் ஒரு டாங்கி கிடந்தது,
குழல் மண்ணைக் குத்தியபடி.
எந்தப் படையுடையது என்று
இன்றைக்கும் ஊரில் வாய்ச்சண்டை உண்டு.
அதன் சங்கிலியை அறுத்துத் துண்டு போட்டோம்,
கன்றுக்கு ஒன்று, விரல் நீளம்.
ஒரு கண்ணியில் நைந்த துணி சிக்கியிருந்தது.
அதை மட்டும் தனியே புதைத்தேன்,
யாரையும் கேட்கவில்லை.

வற்றத்தில் நடுவோம். ஓதம் வந்து பாய்ச்சும்.
மடை திறக்க வேண்டாம்,
முறை வைத்து அடித்துக்கொள்ள வேண்டாம்.
நாளுக்கு இரண்டு தரம்
கூப்பிடாமல் வருகிற தண்ணீர்.

கடைசி வரிசையில் ஒன்று மட்டும்
இலை விடாமல் நின்றது.
எனக்குப் பொறுக்கவில்லை.
இருட்டியதும் போய் அதன் பையைத் தோண்டி
நான்காவது துளையைப் போட்டேன்.
எட்டாம் நாள் கறுத்துவிட்டது.
தெக்லே குனிந்து பார்த்து
'காரணம்: நண்டு' என்று பதிவேட்டில் எழுதினான்.
நான் திருத்தவில்லை.

இன்னொரு இரவில்
ஹுமத்தின் ஒட்டகம் ஒரு வரிசை முழுக்க மேய்ந்தது.
"சிரித்த வாய்க்கு அபராதம் கட்டு" என்றேன்.
கிழிந்த மீன்வலை ஆறு பாகம் கொடுத்தான் வேலிக்கு.
இப்போது அவன்தான் முதல் ஆள்,
தழைக்கட்டுக்கு விடியுமுன் வந்து நிற்பான்.

மூன்றாம் வருஷம் ஒரு நடுப்பகலில்
ஓர் இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்தேன்.
மணல் ஒட்டியது போல் உப்பு.
குடித்ததில் வேண்டாததை
வியர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது.
நாக்கை வைத்தேன்.
என் கழுத்தின் ருசி.

வெள்ளாடு அதைத் தின்றது, குட்டி போட்டது.
குட்டி குடித்து ஓய்ந்த பிறகு
உள்ளங்கையில் கொஞ்சம் பீச்சிப் பார்த்தேன்,
கரிக்குமோ என்று.

கரிக்கவில்லை.

உப்பிட்டவரை மறக்காதே என்பார்கள்.
உப்பை எடுத்துக்கொண்டவரை?

ஆணி மழுங்கிவிட்டது.
நாளை வியாழன்.
புதிது கேட்க வேண்டும்,
இதே பருமனில்.